நான்காவது கொடி

கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம் நான். குழம்பில் உப்புச் சரியாக இருக்கிறதா என்று ருசி பார்த்தே கால் சட்டி குழம்பைக் காலி செய்திருக்கிறேன். இப்படி ஒருத்தி இருக்கிற வீட்டில் விபத்தே நடக்காது என்று பலர் நம்புகிறார்கள். நிம்மதியாகக் கால் நீட்டித் தூங்குகிறவர்களால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. முன்னெச்சரிக்கையாகக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறோமே, நாங்கள்தான் ஊரைக் கலக்குகிறவர்கள்.

ஏழு வருடங்களுக்கு முன்பு நான் கலக்கியது, விருதுநகர்ப் பக்கத்திலிருக்கும் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை.

என் வீட்டுக்காரர் அங்கே மைனிங் அசிஸ்டெண்ட். சுரங்கம் என்றதும் உறவுக்காரர்களின் கண் விரியும். "தங்கமா எடுக்காக?" என்பார்கள். சுண்ணாம்புக்கல் என்பேன். "வெத்தலைக்குப் போடுறதா?" என்று முகம் வாடிவிடும். (சிமெண்டுக்கு என்று நான் சொல்வதற்குள் பேச்சு வேறு யாருடைய கல்யாணத்துக்கோ போயிருக்கும்.) உண்மையில் அது கூரையில்லாத பெரிய பள்ளம். இவர் அதில் நாடா பிடித்து அளப்பார், துளை போட வேண்டிய இடத்தில் அடையாளம் வைப்பார், கல் மாதிரிகளைப் பையில் கட்டிச் சீட்டு எழுதுவார், வெடி வைக்கும்போது ஆட்களெல்லாம் வெளியேறிவிட்டார்களா என்று பார்ப்பார். வேலை நிரந்தரமாகவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய எஞ்சினியர் வந்து பார்த்துச் சொன்னால்தான் நிரந்தரம் என்று காத்திருந்தார்.

என் அப்பாவுக்குச் சிவகாசியில் லேபிள் அச்சகம். ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது இவரிடம் பேச்சை எடுத்தார்.

"மாப்ளே, பள்ளத்துல கல்லு தீந்துட்டா நீங்க எங்க போவீக? தீப்பெட்டி இருக்க வரைக்கும் லேபிள் இருக்கும். சீசன் வந்தா ஆர்டர் குவியுது, நம்பிக்கையா பாத்துக்கிட ஆளில்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க."

இவருக்கு அச்சகத்தில் உட்கார விருப்பமில்லை என்பது எனக்குத் தெரியும். மை வாசனைக்கே தும்முவார். ஆனால் என் மடியில் எட்டு மாதக் குழந்தை செல்வி. அப்பா கேட்டதில் என்ன தப்பு என்று ஒரு மனம். இவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறதே என்று இன்னொரு மனம்.

"கல்லு எம்புட்டு வருசத்துக்கு இருக்கும்?" என்று கேட்டேன்.

"துளை போட்டுப் பாத்துக்கிட்டு இருக்காக."

"அப்ப தெரியாதா?"

"தெரியாது" என்று சொல்லிவிட்டு இவர் இன்னொரு தோசை கேட்டார். கல் எவ்வளவு இருக்கிறதென்று தெரியாத மனிதருக்குப் பசி எப்படி எடுக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

கடைசியில் நானே போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். அரிசிப் பானைக்குள் எட்டிப் பார்த்தால் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று தெரியாதா? பள்ளமும் அப்படித்தானே. (எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட்டிருக்கலாம்.)

வியாழக்கிழமை இவர் வேலைக்குப் போனதும், பக்கத்து வீட்டில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். குடை, வெந்நீர், கிரைப் வாட்டர், புளியோதரை, குழந்தைக்கு நான்கு இடுப்புத் துணி. நான்கு போதுமா என்று இரண்டு முறை யோசித்தேன். மூன்றாம் முறையும் யோசித்திருக்க வேண்டும்.

பஸ்ஸிலேயே மூன்று துணி தீர்ந்தது. இறங்கியதும் வாசலில் காவல்காரர் தெரிந்தார். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பார். வீட்டுக்காரர் பெயரை நான் எப்படி வாயால் சொல்வது? அதுவும் அவருக்குத் தெரியாமல் வந்திருக்கும்போது? அதனால் கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் பின்பக்கமாகப் போனேன். பாதி வழியில் நான்காவது துணியும் நனைந்துவிட்டது.

அப்போதுதான் எதிரே ஒரு குச்சியில் சிவப்புத் துணி பறந்தது. புத்தம் புதிய, நல்ல கெட்டித் துணி.

சிவகாசிக்காரிக்குச் சிவப்புக் கொடி என்றால் என்னவென்று தெரியாதா என்று கேட்பீர்கள். பட்டாசு லோடு வண்டியில் பறந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். இது ஆளில்லாத பொட்டல். தேர்தல் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தேர்தல் முடிந்ததும் விட்டுப்போன கட்சிக் கொடிகளை வீணாக்காமல் தலையணை உறையாகவும் உள்பாவாடையாகவும் தைத்துக்கொள்கிற வழக்கம் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. என் அம்மா தலை வைத்துப் படுத்த தலையணையில் இரண்டு கட்சிகள் கூட்டணி வைத்திருந்தன. இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்தேன். சுற்றுமுற்றும் மூன்று முறை பார்த்து, யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு கழற்றினேன். செல்வியின் இடுப்பில் கச்சிதமாக நின்றது. ஈரத் துணியை என்ன செய்வது? வெயில் நன்றாக அடித்தது. திரும்பும்போது காய்ந்திருக்கும் என்று அதை அந்தக் குச்சியிலேயே கட்டிவிட்டு நடந்தேன்.

பள்ளத்தின் விளிம்பில் ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். பட்டப்பகலில் அவ்வளவு பெரிய பள்ளத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. லாரி இல்லை, சம்மட்டிச் சத்தம் இல்லை. கல் தீர்ந்துவிட்டது, ஆட்களையெல்லாம் அனுப்பிவிட்டார்கள், எனக்குச் சொல்லப் பயந்துகொண்டு இந்த மனிதர் தினமும் தூக்குச்சட்டியோடு வந்து எங்கேயோ மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவருக்காக அழுகையே வந்தது. அந்த நேரத்தில் சங்கு ஊதியது. நம் ஊர் மில்லில் ஊதுகிற மாதிரி சாப்பாட்டுச் சங்கு என்று நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு புளியோதரையைத் திறந்தேன்.

இரண்டு கவளம் சாப்பிட்டிருப்பேன். விசில் சத்தம். தொடர்ந்து விசில், அதோடு ஓடி வருகிற காலடி. பார்த்தால் இவர். பின்னால் மானேஜர். அவருக்கும் பின்னால், தொப்பி வைத்த கனத்த மனிதர் ஒருவர் மூச்சிரைக்க வந்தார்.

இவர் என்னைப் பார்த்ததும் சிலை மாதிரி நின்றுவிட்டார். "நீ எங்க இங்கன?"

"கோயிலுக்கு" என்றேன். அதைத்தானே தயார் செய்து வைத்திருந்தேன்.

என்னைக் கையைப் பிடித்து அந்த இடத்தைவிட்டு வெகுதூரம் இழுத்துப்போன பிறகுதான் விஷயம் விளங்கியது. கீழே துளைகளில் மருந்து வைத்துத் திரியும் செருகியாகிவிட்டது. ஆட்களை வெளியேற்றிவிட்டு, நான்கு பக்கமும் ஆபத்து எல்லைக்குச் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். கிழக்குப் பக்கம் காவல் நின்றவர் ஆடுகளை விரட்டப் போன சமயத்தில்தான் நான் நுழைந்திருக்கிறேன். எதிர்க்கரையிலிருந்து இவர் கடைசி முறையாகக் கொடிகளை எண்ணியபோது மூன்று சிவப்பாகவும் ஒன்று வெள்ளையாகவும் தெரிந்ததாம். உடனே நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கிறார். தொப்பிக்காரர்தான் தலைமை அலுவலகத்துப் பெரிய எஞ்சினியர். அவர் வரப்போவது அன்றுதான் என்று இவர் எனக்குச் சொல்லவில்லை. (நான் கவலைப்படுவேனாம்.)

"யாரிது?" என்றார் எஞ்சினியர்.

இவர் தரையைப் பார்த்தபடி, "எங்க வீட்ல, சார்" என்றார்.

கொடியைத் திரும்ப நட்டால்தான் வெடி வைக்க முடியும். மானேஜர் கையை நீட்டினார். நான் செல்வியின் இடுப்பைப் பார்த்தேன். அந்தக் கொடி ஏற்றுகிற நிலையில் இல்லை. வேறு துணி எடுத்துவர ஒருவர் சைக்கிளில் ஆபீசுக்குப் போனார். பெரிய எஞ்சினியர் வெயிலில் நின்றார். நான் குடையை நீட்டினேன். வேண்டாமென்று சொல்லிவிட்டு, எதற்கு வந்தேன் என்று கேட்டார். பயத்தில் உண்மை வந்துவிட்டது.

"கல்லு எம்புட்டு மிச்சமிருக்குன்னு பாத்துட்டுப் போலாம்னு."

அவர் சிரிக்கவில்லை. "அது எனக்கே தெரியாதும்மா" என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பினார். "அந்தக் கொடி வெயில்ல வெளுத்துப்போச்சுன்னு நெனச்சிருக்கலாமே?"

"காலையில நான்தான் சார் நட்டேன். அப்ப சிவப்பாத்தான் இருந்துச்சு."

எஞ்சினியர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். வேலை போய்விட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தாமதத்துக்குக் காரணம் எழுதுகிற பதிவேட்டை மானேஜர் இவரிடமே நீட்டினாராம். இவர் நெடுநேரம் யோசித்து, "நான்காவது கொடி குழந்தையின் இடுப்பில்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாராம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அப்பா வந்தார். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, இவரைக் கேட்காமலே, "அச்சகத்துக்கு வந்துருவாகப்பா" என்று நானே சொல்லிவிட்டேன். இவர் ஒரு தும்மல் மட்டும் போட்டார்.

திங்கட்கிழமை ஆபீசிலிருந்து ஒரு காகிதத்தோடு வந்தார். வேலை நிரந்தரம். என்னிடம் கொடுத்து, "நீ சொன்னதை நீயே போயி மாத்திச் சொல்லு" என்றார். மூன்று முறை படித்தேன். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கல் எத்தனை வருடத்துக்கு வரும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஆனாலும் வெள்ளையாகத் தெரிந்த ஒரு துணிக்காகப் பெரிய எஞ்சினியரையே ஓட வைத்த மனிதரைப் போய் லேபிள் எண்ண விடுவதா? செல்வியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே சிவகாசி போய், இவர் அச்சகத்துக்கு வரமாட்டார் என்று அப்பாவிடம் சொன்னேன். காகிதத்தை அவரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். (எனக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்தது.)

கல் இன்னும் தீரவில்லை. வருடா வருடம் துளை போட்டுப் பார்க்கிறார்கள், இவர் வருடா வருடம் தெரியாது என்கிறார். ஆனால் அந்தப் பள்ளத்தில் ஒரு வழக்கம் நிலைத்துவிட்டது. வெடி வைக்கும் முன் கொடிகளைச் சரிபார்க்கிறவர்கள் உரக்கச் சொல்வார்கள்: "வடக்கு, தெற்கு, மேற்கு, செல்வி." புதிதாகச் சேருகிறவர்கள் அதைச் சுரங்கத் தொழிலின் சொல் என்று நினைத்து நோட்டில் எழுதிக்கொள்கிறார்களாம்.

போன மாதம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வகுப்பில் திசைகளைக் கேட்டிருக்கிறார். என் மகள் எழுந்து நின்று மூன்றை ஒழுங்காகச் சொல்லியிருக்கிறாள். நான்காவது எது என்றதற்கு, "அது நான்தான் டீச்சர்" என்றாளாம்.