மாமாவின் வேட்டியில் அக்கா பெயர்

அக்காவின் கல்யாணத்துக்கு அப்பா இருந்தார், அம்மா இருந்தார், வாளியும் கையுமாக அத்தை இருந்தார், சபாக்கிலிருந்து இரண்டு பஸ் நிறைய மாப்பிள்ளை வீட்டார் இருந்தார்கள். எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதும் கிராணிகூட டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். வராதது ஒன்றுதான்: வார்னிஷ்.

அதை வரவிடாமல் செய்தவன் நான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை ஐந்தாம் படிவம்வரை முடித்த முதல் ஆள் நான். (இதை அப்போது தினமும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருந்தேன்.) புக்கிட் ரோத்தானில் ஒரு நாற்காலி மேசைப் பட்டறையில் வேலை. அங்கே மரத்தைக் குடைந்து, அதற்குள் வேறு நிற மரத்தை வெட்டிப் பதித்துப் பூவும் கொடியுமாக அலங்காரம் செய்வார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து என் கை சும்மா இருக்கவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டின் கதவு, அம்மாவின் சப்பாத்திப் பலகை, எதையும் விட்டுவைக்கவில்லை. அக்காவுக்குக் கல்யாணம் என்றதும் மணை இரண்டையும் நானே செய்வதாக அறிவித்துவிட்டேன்.

வெளிறிய ரப்பர் மரப் பலகை. அதில் மெர்பாவ் என்கிற கருஞ்சிவப்பு மரத்தில் எழுத்துகள். மாப்பிள்ளை உட்காரும் மணையில் 'வசந்தா' என்று அக்கா பெயர். அக்கா உட்காரும் மணையில் 'மணியம்' என்று மாப்பிள்ளை பெயர். (இதுதான் காதல் என்று எனக்குப் பட்டது. வயது பத்தொன்பது.) 'ச' வளைவதற்குள் மூன்று துண்டு உடைந்தது. பசை காய்ந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்தபோது, எந்த மரம் எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

பாக்கி வார்னிஷ். வெளியே விடாத மழை. காயாத வார்னிஷில் மாப்பிள்ளை ஒட்டிக்கொண்டால்? பலகையோடு அவர் அக்கினியைச் சுற்றி வருவதுபோல் எனக்குக் கனவே வந்தது. வார்னிஷ் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். நனைந்தால் மெர்பாவ் சாயம் விடும் என்பது தெரியும்தான். மண்டபத்துக்குள் எங்கிருந்து தண்ணீர் வரப்போகிறது?

அத்தையின் வாளியிலிருந்து வந்தது.

"புதுப் பலகைய கழுவாம எப்படிடா போடறது?" என்று இரண்டு மணையிலும் மஞ்சள் தண்ணீரைக் கொட்டியிருந்தார். நான் பார்ப்பதற்குள் மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டார், வெள்ளைப் பட்டு வேட்டியில், நன்றாகச் சம்மணம் போட்டு. ஐயருக்கோ அவசரமே இல்லை. நான் தூணுக்குத் தூண் நடந்தேன்.

"ஏன்டா குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துற? உக்காரு," என்றார் அம்மா.

உட்காருவதுதானே பிரச்சனை.

கூறைப் புடவையை வாங்கிக்கொண்டு அக்கா எழுந்தாள். அவளுடைய அரக்குப் புடவையில் எது சாயம், எது சேலை என்று தெரியவில்லை. மாப்பிள்ளையும் எழுந்தார். பின்பக்கம் 'வசந்தா', கருஞ்சிவப்பில், இடம் வலம் மாறி. ரப்பர் மரத்தில் ரப்பர் ஸ்டாம்பு செய்திருக்கிறேன்.

மாப்பிள்ளையின் பெரியம்மா நெஞ்சில் கை வைத்தார். "ரத்தம் மாதிரில்ல இருக்கு. தாலி கட்டறதுக்கு முன்னாலயே இப்படியா? சகுனம் சரியில்ல சம்பந்தி, நிறுத்துங்க."

நாதஸ்வரம் நின்றது. அக்கா என்னையே பார்த்தாள். "தம்பி, என்னாடா செஞ்ச?" என்றார் அப்பா, மெதுவாக.

"அது ரத்தமில்ல, எழுத்து," என்றேன். "கண்ணாடியில பாத்தா சரியா இருக்கும்."

இது உதவவில்லை.

மரத்துச் சாயம் என்று சொல்லிப் பார்த்தேன். பெரியம்மா நம்புவதாயில்லை. அக்காவின் மணை ஈரத்தோடு காலியாகக் கிடந்தது. என் வெள்ளைக் கால்சட்டையோடு போய் அதில் உட்கார்ந்தேன். அக்கினிக்கு முன்னால், மணப்பெண் இடத்தில். ஐயர் பழக்கதோஷத்தில் என்மேல் அட்சதை போட்டார். மூச்சைப் பிடித்து அழுத்திவிட்டு, எழுந்து சபைக்கு முதுகைக் காட்டினேன்.

கிராணி குனிந்து, எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தார். "ம… ணி… யம்."

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். "சகுனம்னு பாத்தா இவனையும்ல நான் கட்டிக்கணும்? விடுங்க லா, பெரியம்மா."

பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அப்பாவின் பருத்தி வேட்டியில் மாப்பிள்ளை தாலி கட்டினார்.

இன்றும் மணியம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். "அவனவன் பொண்டாட்டி பேர நெஞ்சில வச்சிருப்பான். என்னை எங்கடா வைக்க வச்ச, மச்சான்?" என்பார். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு பட்டு வேட்டி என்பது அவர் போட்ட அபராதம். ஒரு டின் வார்னிஷ் அப்போது நான்கு வெள்ளி. இந்த வருஷத்து ஐந்தாவது வேட்டியோடு சேர்த்து, அதை நான் பூசாமல் விட்டதற்கு ஆன செலவு முந்நூற்று ஐம்பது வெள்ளி.