ஏர்கோன் அண்ணனும் ஒரு ஸ்டூல் சத்தமும்

பினாங்குத் தீவு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், மனிதனின் கால்களுக்கு எங்கள் ஏர்கோன் அண்ணன் அளவுக்கு மரியாதை கொடுக்கிற இன்னோர் ஆளைப் பார்க்க முடியாது. முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவர்கள் இருக்கிறார்கள். சட்டையையும் காரையும் பார்த்து எடைபோடுகிறவர்கள் அதைவிட அதிகம். அண்ணன் பார்ப்பது கால் கட்டைவிரலை. அவர் வீட்டில் ரெக்கார்டு ஓடும்போது நம் கட்டைவிரல் தானாக ஆடினால் நாம் நல்ல குடும்பத்துப் பிள்ளை. ஆடாவிட்டால் இன்னொரு கோப்பி கொடுத்து, அதே ரெக்கார்டை முதலிலிருந்து போடுவார்.

அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். டத்தோ கிராமாட்டில் எங்கள் வரிசை வீடுகளில் அதைத் தெரிந்தவர் அவர் மனைவி தனம் அக்கா ஒருவர்தான். அவரும் "இந்தாங்க" என்றுதான் கூப்பிடுவார். வீடு வீடாகப் போய் ஏர்கோன், அதாவது ஏசி, மாட்டுவதும் கழுவுவதும் பழுது பார்ப்பதும் அண்ணனின் தொழில். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒருவர் வீட்டில் ஏர்கோன் கழற்றப் போனபோது, ஒரு பெட்டி பழைய ரெக்கார்டுகளும் அவற்றைப் போடும் மெஷினும் அவருக்குச் சும்மாவே கிடைத்தன. மெஷின் ஓடுகிறதா என்று பார்க்க, கைக்கு வந்த ஒன்றை எடுத்துப் போட்டார். அது ஜாஸ் ஆர்கன். அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை.

ஆர்கன் என்றால் சர்ச்சில் வாசிப்பார்களே, அதுதான். அமெரிக்காவில் சிலர் அதை ஜாஸ் பக்கம் இழுத்து வந்து, கூட ஒரு கிதார், ஒரு டிரம்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு அமர்க்களம் செய்திருக்கிறார்கள். ஆர்கன்காரர் மேலே இரண்டு கையாலும் வாசித்துக்கொண்டே, கீழே வரிசையாக இருக்கிற மரக்கட்டைகளைக் காலால் மிதித்து அடிநாதத்தையும் கொண்டுவந்துவிடுவார். அதற்கென்று தனி ஆள் கிடையாது. கால்மேல் அண்ணனுக்கு வந்த மரியாதை இங்கிருந்துதான்.

"மூணு பேரு வந்து நாலு பேரு வேலையப் பாத்துட்டுப் போறான் தம்பி," என்பார். "நம்ம ஊர்ல ஒரு ஏர்கோன் கழுவ நாலு பேரு வந்து, மூணு பேரு ஏணியப் புடிக்கிறான்."

இசையைப் போலவே, அது பதிவான விதத்திலும் அவருக்குப் பித்து உண்டு. எந்த அறையில் வாசித்தார்கள், சுவர் எவ்வளவு தள்ளி இருந்தது, மைக் எங்கே நின்றது என்று ரெக்கார்டைக் கேட்டே சொல்லுவார். சரியா தவறா என்று சொல்ல எங்களில் யாரும் இல்லாததால் அவர் சொன்னது எல்லாமே சரிதான்.

இந்தப் பித்து தொழிலிலும் புகுந்துவிட்டது. ஏர்கோன் மாட்டப் போகிற வீட்டில் அண்ணன் முதலில் அளவு டேப்பை எடுக்கமாட்டார். ஹால் நடுவில் நின்று இரண்டு முறை பலமாகக் கை தட்டுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். புக்கிட் மெர்தாஜாமில் ஓர் அம்மா, ஏதோ பூசை ஆரம்பிக்கப் போகிறது என்று நினைத்துச் சூடத் தட்டோடு வந்துவிட்டார்.

"பூசை இல்லம்மா. ரூம் எப்படிப் பேசுதுன்னு பாத்தேன்," என்றார் அண்ணன். அதோடு விட்டாரா என்றால் இல்லை. இந்தச் சுவரில் ஏர்கோன் மாட்டினால் ஹாலின் சத்தம் கெட்டுப்போகும், படுக்கையறையில் மாட்டிக்கொள்ளுங்கள் என்று அரைமணி நேரம் வாதாடினார். அந்த வீட்டில் ஒரு ரேடியோகூடக் கிடையாது.

அதை நான் சொல்லிக் காட்டியபோது, "இன்னைக்கு இல்ல. நாளைக்கு வாங்கினா?" என்று என்னிடமே கேட்டார்.

எங்கள் வரிசையின் முனையில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கும் நானா, அண்ணனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். அவர் கடையில் அண்ணன் உட்கார்ந்தால் மேசை ஒரு ஒலிப்பதிவுக் கூடமாகிவிடும். தே தாரிக் டீ கிளாஸ்தான் ஆர்கன். டிஷ்யூ பெட்டி, ஆர்கனின் சத்தம் வெளியே வருகிற சுழலும் ஸ்பீக்கர். மிளகாய்ச் சம்பால் கிண்ணம் டிரம்ஸ். கையில் இருக்கும் கரண்டி மைக்.

"மைக்கைக் கிட்ட வெச்சா சுத்துற ஸ்பீக்கரோட காத்து அடிக்கும். தூர வெச்சா டிரம்ஸ் வந்து நடுவுல குந்திக்கும். ரெக்கார்டு பண்ண அந்த மனுஷன் எங்க வெச்சிருப்பான் தெரியுமா? இங்க," என்று கரண்டியை ஊன்றினார் ஒரு நாள். ஊன்றிய இடம் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் மீன் கறி.

"ஆர்கனைக் குடிங்கண்ணே, ஆறிப் போகுது," என்றார் நானா.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நானும் நானாவும் அண்ணன் வீட்டில் ஆஜராக வேண்டும். எத்தனை ரெக்கார்டு போட்டாலும் கடைசியாகப் போடுவது ஒன்றைத்தான். அதில் மூன்றாவது பாட்டு முடிந்து, கடைசிச் சத்தம் அடங்குகிற இடத்தில், வாசித்தவர் லேசாக நகர்ந்து உட்காருவார். அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூல் கிறீச் என்று ஒரு தரம் முனகும். பதிவு செய்தவர் அதை வெட்டாமல் விட்டுவைத்திருக்கிறார். அண்ணனுக்கு அந்த ரெக்கார்டின் உச்சமே அந்தக் கிறீச்தான்.

"பாட்ட எவன் வேணாலும் வாசிக்கலாம். அந்த ஸ்டூலுதான் தம்பி, ஒரு ஆளு நெசமாவே அங்க உக்காந்திருந்தாருன்னு சொல்லுது," என்பார். பிறகு எங்கள் முகத்தைப் பார்ப்பார். "கேட்டுச்சா?"

இப்போது ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த ஸ்டூல் சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லை. முதல் சனிக்கிழமை ஐந்து முறை திரும்பப் போட்டுக் காட்டினார். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது, என் வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஆறாவது முறை "கேட்டுச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஒரு முறை சொல்லிவிட்டால் அப்புறம் மாற்றிச் சொல்ல முடியுமா? எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நானாவுக்கும் கேட்டதில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அவர் "இன்னைக்கு நல்லாவே கேட்டுச்சு" என்று என்னையும் மிஞ்சுவார்.

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, அண்ணனுக்கே ஸ்டூல் கேட்கவில்லை.

முதலில் ஊசியை மாற்றினார். ரெக்கார்டைக் கழுவித் துடைத்து மறுபடி போட்டார். அடுத்த வாரம் வயர்களையெல்லாம் பிடுங்கிப் புதிது போட்டார். அதற்கும் அடுத்த வாரம், சுவருக்கு அந்தப் பக்கம் நானா வீட்டுச் சமையலறையில் ஓடுகிற ஃபிரிட்ஜ்தான் ஸ்டூலை விழுங்குகிறது என்று கண்டுபிடித்தார். நானா நல்ல மனிதர். ஒரு வார்த்தை பேசாமல் ஃபிரிட்ஜைத் தூக்கி முன் ஹாலில் வைத்தார். அந்த வாரம் அவர் வீட்டுக்குப் போனவர்கள் சோபாவில் உட்கார்ந்தபடியே ஐஸ் தண்ணீர் எடுத்துக் குடித்தார்கள். ஸ்டூல் வரவில்லை.

இதற்கிடையில் அண்ணன் பேசுவது தெருமுனைவரை கேட்க ஆரம்பித்திருந்தது. தனம் அக்கா இப்போதெல்லாம் முணுமுணுக்கிறார் என்று என்னிடம் குறைப்பட்டார். தனம் அக்கா குரல் எடுத்தால் நானா கடையில் கறி ஊற்றுகிறவர் கையை நிறுத்துவார். அவர் முணுமுணுக்கிறார் என்று ஒருவர் சொன்னபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு நாள் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மூன்றாவது பாட்டு முடிந்தது.

"தம்பி, உண்மையச் சொல்லு. ஸ்டூல் கேட்டுச்சா?"

எட்டு வருடப் பழக்கம் வாயில் இருந்தது. "கேட்டுச்சுண்ணே," என்றேன்.

அண்ணன் ஊசியைத் தூக்கி வைத்தார்.

"அப்ப ரெக்கார்டுல இருக்கு," என்றார் பிறகு. "ரோசாக் ஆகிக் கெட்டுப்போனது நான்தான்."

அந்த இடத்திலேயே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே" என்று சிரித்துவிட்டு எழுந்து வந்தேன். அதற்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

மறுநாளிலிருந்து அண்ணன் ரெக்கார்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி, ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்துவிட ஆரம்பித்தார். எங்கள் வரிசையில் யாரிடமும் ரெக்கார்டு மெஷின் கிடையாது. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நானா தன் பங்கைக் கடைச் சுவரில், லைசென்ஸுக்குப் பக்கத்தில் மாட்டினார். எனக்குக் கிடைத்தது அந்த ஸ்டூல் ரெக்கார்டேதான்.

"என் வீட்டுல மெஷின் இல்லையேண்ணே," என்றேன்.

"கேக்குற காது இருக்குல்ல. மெஷின் அப்புறம் வாங்கிக்கலாம்," என்றார்.

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி ரெக்கார்டைப் பத்திரமாக ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைக் குற்றம் சாட்டியது.

காது டாக்டரிடம் போகலாம் என்று தனம் அக்கா கெஞ்சிப் பார்த்தார், நானும் பார்த்தேன். அண்ணன் அசையவில்லை. "இப்ப எனக்குச் சந்தேகம் மட்டும்தான் இருக்கு. அங்க போனா பேப்பர்ல எழுதிக் கொடுத்துடுவாங்க," என்றார். அவ்வளவு பெரிய உடம்பில் அத்தனை பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு பொய்யால் வந்ததை இன்னொரு பொய்யால்தான் சரிக்கட்ட முடிந்தது. காது கிளினிக் ஒன்றில் ஏர்கோன் பழுது, அவசரமாம் என்று சொன்னேன். ஏர்கோன் என்றதும் அண்ணன் மறுப்பாரா? கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு என் காரில் ஏறினார். தனம் அக்கா பின் சீட்டில் வாயே திறக்காமல் வந்தார். கிளினிக் கவுண்டரில் நோயாளி பெயர் கேட்டார்கள். அக்கா என் காதில் ரகசியமாகச் சொன்னார். அதை யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதால் இங்கேயும் எழுத முடியாது.

நர்ஸ் அந்தப் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிட்டார். அண்ணனுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே குட்டு உடைந்திருக்கும். அறைக்குள் போய், டாக்டர் நாற்காலியைக் காட்டியபோதுதான் அவருக்கு விளங்கியது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உட்கார்ந்து, கருவிப் பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் இளம் பெண். விளக்கைப் போட்டு இரண்டு காதிலும் மாறி மாறி எட்டிப் பார்த்தார். "அங்கிள், காதுக்குள்ள என்ன போட்டீங்க?" என்று கத்திக் கேட்டார்.

"நான் ஒண்ணும் போடலையே."

மெல்லிய இடுக்கியால் அழுக்கோடு ஒட்டிக்கிடந்த எதையோ டாக்டர் இழுத்தார். கறுப்பாக, நகக்கண் அளவுக்கு ஒன்று வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அடுத்த காதிலிருந்து இரண்டு. தட்டில் வரிசையாகக் கிடந்த நான்கையும் தனம் அக்கா குனிந்து பார்த்தார்.

"இது ஏர்கோன் பைப்புல சுத்துற ஃபோமுல்ல?"

விஷயம் இதுதான். சுவரில் ஓட்டை போடும்போது டிரில் சத்தம் காதைக் கெடுத்துவிடுமே என்று, செம்புக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோமில் ஒரு கிள்ளு பிய்த்துக் காதில் அடைத்துக்கொள்வது அண்ணன் வழக்கம். வேலை முடிந்து பிடுங்கும்போது பாதி வரும், பாதி உள்ளேயே தங்கிவிடும். "ரெக்கார்டு கேக்குற காதாச்சேன்னு பாதுகாத்தேன்," என்றார் டாக்டரிடம், தலையைக் குனிந்துகொண்டு.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு காதுகளைச் சுத்தம் செய்தார். ஹெட்போன் மாட்டிப் பரிசோதனையும் செய்தார். "உங்க காதுல ஒரு குறையும் இல்ல அங்கிள்," என்றார் இப்போது சாதாரணக் குரலில்.

அண்ணன் ஒரு விரலை உயர்த்தி எங்களை அமைதியாக இருக்கச் சொன்னார். அவர் மெல்லத் தலையைத் தூக்கி மேலே பார்த்தார்.

"டாக்டர், உங்க ஏர்கோன்ல ஃபேன் பேரிங் போகப்போகுது. கேக்கல?"

எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. தனம் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் எனக்கு அங்கேதான் இறங்கியது. அண்ணன் பையைத் திறந்து ஸ்குரூடிரைவரை எடுத்துவிட்டார். நான் சொன்ன இரண்டாவது பொய் அப்படியாக உண்மையானது.

திரும்பி வரும்போது அக்கா வாய் ஓயாமல் பேசினார். "கொஞ்சம் மெதுவாப் பேசு தனம்," என்றார் அண்ணன், அவ்வளவு சந்தோஷமாக.

அன்று சாயங்காலமே ஃபிரிட்ஜ் மேலிருந்த ரெக்கார்டை எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது பாட்டு முடிந்தது. அண்ணன் கண்ணை மூடியிருந்தார். திடீரென்று அவர் முகம் முழுக்க விரிந்தது. வழக்கமான கேள்வியைக் கேட்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அண்ணே, எனக்கு அந்த ஸ்டூல் இதுவரைக்கும் கேட்டதே இல்ல."

"தெரியும்லா," என்றார். "நீ எப்பவும் ஸ்டூல் வர்றதுக்கு முன்னாடியே தலையாட்டிடுவே."

"அப்புறம் அன்னைக்கு மட்டும் ஏண்ணே நம்புனீங்க?"

"பயந்துட்டேன் தம்பி. பயத்துல இருக்குறவன் எதைத்தான் நம்பமாட்டான்?" என்று சொல்லிவிட்டு, ஊசியை எடுத்து மறுபடியும் மூன்றாவது பாட்டின் தொடக்கத்தில் வைத்தார்.

கொடுத்த ரெக்கார்டுகளையெல்லாம் அண்ணன் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கிக்கொண்டார். நானாவின் ஃபிரிட்ஜ் மட்டும் இன்னும் முன் ஹாலில்தான் நிற்கிறது, வந்தவர்களுக்கு வசதியாக இருக்கிறதாம். அண்ணன் இப்போது கடையில் விற்கிற காதடைப்பான்களை ஒரு நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். சனிக்கிழமை ஐந்து மணிக்கு நானும் நானாவும் தவறாமல் ஆஜர். கட்டைவிரலும் ஆடுகிறது.

அந்த ஸ்டூல் எனக்கு இன்றுவரை கேட்கவில்லை. ஆனால் அது எப்போது வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது பாட்டு முடியும்போது நான் அண்ணன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.