முனியப்பன் சேவலும் மீனை விட்டுவிடும் கிளப்பும்

ஏற்காடு,
கடைவீதி.
22-1-1970

மரியாதைக்குரிய மச்சான் சின்னத்தம்பி அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை பூவாயியின் வீட்டுக்காரன், மளிகை மற்றும் மிளகு வியாபாரம் தேவசிகாமணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் கடையும் நலம். வழக்கமாக ‘அனைவரும் நலம்’ என்றுதான் எழுதுவேன். அந்த அனைவரில் பெரும்பகுதி திங்கட்கிழமை காலைப் பஸ்ஸில் ஒரு கூடையோடு சேலம் வந்து தங்கள் வீட்டில் இறங்கிவிட்டதால், மீதியின் நலத்தை மட்டும் என் பொறுப்பில் எழுதியிருக்கிறேன். பூவாயியின் நலத்தையும், கூடைக்குள் வந்த சேவலின் நலத்தையும் தாங்கள்தான் எனக்கு எழுத வேண்டும்.

பூவாயிக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும் என்பது அண்ணனான தங்களுக்குத் தெரியாததல்ல. நான் சாமி சேவலில் கை வைத்துவிட்டேன் என்பதற்கு மேல் அவள் தங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். அவள் சொன்னது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இருக்கிறது. அதையும் கேட்டுவிட்டு, தங்கையின் மனத்தைக் கரைத்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் மலைக்கு அனுப்பி வைக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் சாரம். மற்றதெல்லாம் விவரம்.

இங்கே எஸ்டேட்காரர்கள் சிலர் சேர்ந்து ‘பூச்சித் தூண்டில் கிளப்’ என்று ஒன்று நடத்துகிறார்கள். நாகலூர் போகிற வழியில் ஒரு எஸ்டேட்டுக்குள் ஓடையை மறித்துக் கட்டிய குட்டை இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் அங்கே கூடுவார்கள். நம் ஊரில் செய்வதுபோல மண்புழு வைத்துத் தூண்டில் போடுகிற வேலையெல்லாம் அங்கே நடக்காது. சேவல் இறகை முள்ளில் வைத்து நூலால் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து, சாட்டையைச் சொடுக்குவதுபோல நூலைப் பின்னால் வீசி முன்னால் விட்டு, அந்தப் பொய்ப்பூச்சியைத் தண்ணீர்மேல் உட்கார வைப்பார்கள். கெண்டை அதை நம்பி வாயைத் திறக்கும். அதைப் பிடித்து, ஸ்கேல் வைத்து அளந்து, சுற்றி நிற்பவர்களுக்குக் காட்டி, எல்லாரும் ‘பலே’ சொன்ன பிறகு தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். மச்சான், தாங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். விட்டுவிடுவார்கள்.

கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்த மலை ஏறி, எஸ்டேட் லைன் வீடுகளில் கூவி விற்று, அதில் மிச்சம் பிடித்துக் கடை போட்டவன் நான். அது தெரிந்துதான் தாங்கள் பெண் கொடுத்தீர்கள். மீனைத் திருப்பி விடுகிற கூட்டத்தில் இவனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வியாபாரந்தான். எஸ்டேட்காரரிடம் அவர் ஆபீஸில் வைத்து மிளகு விலை பேசினால் மூஞ்சியை ஒரு முழம் நீட்டிக்கொள்வார். அதே மனுஷர் ஒரு மீனைப் பிடித்து நாலு பேரிடம் பலே வாங்கிவிட்டால், அன்றைக்கு எதற்கும் தலையாட்டுவார். இதைக் கண்டுகொண்ட மறுநாளே கிளப் செக்ரெட்டரி லாசரிடம் போய் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். லாசர் ரிடையரான எஸ்டேட் மானேஜர், நம் கடையில்தான் சாமான் வாங்குகிறார், பெருந்தன்மையான மனுஷர். பூச்சி கட்டுகிற கைவேலை முழுக்க அவர் சம்சாரம் சாந்தாமேரி அம்மாவுடையது.

ஆடி மாசம் சேர்ந்தேன். முதல் சனிக்கிழமை நூலைப் பின்னால் வீசினேன், முன்னால் வரவில்லை, திரும்பிப் பார்த்தால் கிளப்பில் இருக்கிற டாக்டருடைய தொப்பி மரக்கிளையில் ஆடுகிறது. அதற்கடுத்த வாரம் என் வேட்டியையே நான் பிடித்துவிட்டேன். முள் துணிக்குள் புகுந்தால் வெளியே வராது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது, துண்டைக் கட்டிக்கொண்டு வேட்டியைத் தூண்டிலோடு சேர்த்து லாசரிடம் ஒப்படைத்தேன். அதற்கும் அடுத்த வாரம் மாரமங்கலத்து முத்தாயி தலையில் பலாப்பழத்தை வைத்துக்கொண்டு கரைமேல் போய்க்கொண்டிருந்தாள், என் முள் பறந்து போய்ப் பழத்தில் உட்கார்ந்தது. நான் ஏதோ பெரிய மீன் என்று நினைத்து இழுக்க, பழம் உருண்டு தண்ணீரில் விழுந்தது. முத்தாயி திரும்பி, “ஏனுங்க மொதலாளி, பழம் வேணும்னா வாயில கேட்டா குடுக்க மாட்டனுங்களா? தூண்டி போட்டுத்தான் புடிப்பீங்களா?” என்றாள். கிளப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. பழத்தை வாங்கி அங்கேயே அறுத்து எல்லாருக்கும் கொடுத்தேன். அதுவரை என்னை ‘மிஸ்டர்’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அன்றிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

பிறகு ஒருநாள் நிஜமாகவே மீன் மாட்டியது. உள்ளங்கை நீளக் கெண்டை. அதைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பூவாயியிடம் குழம்பு வைக்கச் சொல்லலாம் என்று பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தேன். கிளப்பே தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. லாசர் மட்டும் வேகமாக வந்து, அதை விட்டுவிடச் சொன்னார். விடுவதற்கு எதற்குப் பிடிப்பது என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “மிளகு மூட்டையில கையை உட்டு ஒரு புடி அள்ளிப் பாக்கறீங்க. பாத்துட்டு மூட்டையிலயேதானுங்க போடறீங்க? ஊட்டுக்கா கொண்டு போறீங்க?” என்றார். மச்சான், இந்த மலையில் என்னைப் பேச்சில் மடக்கினவன் அதுவரைக்கும் கிடையாது. மீனை விட்டேன். அது போயிற்று. உண்மையைச் சொன்னால், அதற்கப்புறம் அங்கே நான் மிளகு விலையே பேசவில்லை. முழங்கால் தண்ணீரில் நிற்கிறோம், பனி மெதுவாகக் குட்டைமேல் இறங்குகிறது, ஒன்றும் வாங்காமல் ஒன்றும் விற்காமல் ஒரு சாயங்காலம் போகிறது. எனக்கு அது பிடித்திருந்தது. இந்த வயசில் எனக்கு இப்படி ஒரு பைத்தியம் பிடிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் கடையை விட்டே விரட்டியிருப்பேன்.

இப்போது சேவலுக்கு வருகிறேன். போன வருஷம் மிளகு லோடோடு வந்த லாரி, கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்காமல் போய்ச் சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்து நின்றதும், நான் சட்டைகூடக் கிழியாமல் இறங்கி வந்ததும் தங்களுக்குத் தெரியும். அன்றைக்கே பூவாயி மலையடிவார முனியப்பனுக்கு ஒரு சேவல் நேர்ந்துகொண்டாள். குஞ்சாக வாங்கி, கம்பும் சோளமும் போட்டு வளர்த்தாள். வருகிற மாசியில் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தது. நேர்ந்த சேவலை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. அது என் கல்லாப் பெட்டிமேல் ஏறி நின்றுகொண்டு கூவினாலும் அதுவாக இறங்குகிற வரைக்கும் நான் சில்லறை கொடுக்காமல் காத்திருக்க வேண்டும். ஒருநாள் சாமான் வாங்க வந்த லாசர் அதன் கழுத்தைப் பார்த்தார். செம்பும் தங்கமும் உருக்கி ஊற்றின மாதிரி இறகு. நான் முதல்தர மிளகைப் பார்க்கிற பார்வையை அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்தேன். இந்த மாதிரி இறகு கடல் தாண்டிப் பார்சலில் வரவேண்டியது என்றார். ஒன்றே ஒன்று கிடைக்குமா என்றார்.

நான் யோசித்தேன். முனியப்பனுக்கு வேண்டியது சேவல். இறகை அவர் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. தவிரவும், இறகு திரும்ப முளைக்கிற சரக்கு. பூவாயி கோயிலுக்குப் போன வெள்ளிக்கிழமை சாந்தாமேரி அம்மா வந்து நோகாமல் நாலு இறகு எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சனிக்கிழமை குட்டையில் நடந்ததைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். பூச்சி தண்ணீரைத் தொடுவதற்குள் கெண்டைகள் எகிறிக்கொண்டு வந்தன. அப்புறம் டாக்டருக்கு வேண்டும் என்றார்கள், டாக்டருக்குக் கொடுத்தால் மற்றவர்களுக்குக் கொடுக்காமல் இருக்க முடியுமா, மார்கழி பிறக்கும்போது சேவலின் கழுத்து உரித்த வெங்காயமாக இருந்தது. பூவாயி சீக்கு என்று நினைத்துக்கொண்டாள். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினாள், சின்ன வெங்காயம் நறுக்கிக் கொடுத்தாள், மலைக்குளிர் தாங்காது என்று தன் பழைய சேலையைக் கிழித்து அதன் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிட்டாள். அவள் பூசும்போது அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். பனிக்கு இறகு கொட்டுவது சகஜம் என்று சொன்னவனும் நான். இறகு எடுத்தது பெரிய குற்றம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை மச்சான். விளக்குப் பிடித்ததுதான் கொஞ்சம் அதிகம்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பின் வருஷக் கூட்டம், குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். பூவாயி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, ஒரு தூக்குப்போசி நிறையப் புளிச்சோறு கிளறி எடுத்து வந்தாள். எஸ்டேட் வீட்டுப் பெண்கள் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள், அவளுக்கு முகமெல்லாம் வெளிச்சம். புதிதாகச் சேர்ந்தவர்களில் சிறந்தவர் என்று எனக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள். போன வருஷம் புதிதாகச் சேர்ந்தவன் நான் ஒருவன்தான் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் கை தட்டினாள். அத்தோடு கூட்டம் முடிந்திருக்கலாம். சாந்தாமேரி அம்மா ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, வருஷத்திலேயே அழகாகக் கட்டின பூச்சியை எடுத்து, முள்ளின் முனையை மழுக்கி, பூவாயியின் தோளில் புரோச் மாதிரி குத்திவிட்டு, “இது உங்க ஊட்டுச் சேவலோட கழுத்துங்க பூவாயி. இந்த வருஷம் கிளப்பே உங்க சேவலாலதான் நடந்துச்சு” என்று சொல்லிவிட்டார். நல்ல மனசோடு சொன்னார்.

பூவாயி பூச்சியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தட்டில் இருந்த கேக்கைத் துகள் விடாமல் சாப்பிட்டு முடித்தாள், அவள் எதையும் வீணாக்க மாட்டாள் என்பது தங்களுக்குத் தெரியும். வீடு வரைக்கும் பேச்சில்லை. காலையில் கூடையில் வைக்கோல் போட்டுச் சேவலை உட்கார வைத்தாள். படி இறங்கும்போது மட்டும் நின்று, என்னைத் திரும்பிப் பார்க்காமலே, “மொட்டக் கழுத்தோட முனியப்பன் முன்னால எப்படிங்க நிறுத்தறது? அது உங்க உசுருக்கு நேந்ததுங்க” என்றாள். போய்விட்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. அன்று மத்தியானமே அடிவாரம் இறங்கி முனியப்பன் கோயில் பூசாரியிடம் நடந்ததைச் சொன்னேன். வேறு நல்ல சேவலாக வாங்கிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, நேர்ந்தது எதுவோ அதுதான் வரவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குறைப்பட்ட சேவலும் கூடாதாம். அப்புறம் நான் நிற்கிற நிலையைப் பார்த்து மனம் இரங்கி, “றெக்க மொளைக்கட்டுங்க. முனியப்பன் எங்கியும் போயிர மாட்டாரு” என்றார். ஆக, பங்குனிக்குள் முளைத்துவிட்டால் தீர்ந்தது. சேவலுக்கு ஒரு குறையும் வராமல் தாங்கள் பார்த்துக்கொண்டால் போதும். கிளப்புக்கு ராஜினாமாவும் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டேன், நாளைக்கு லாசரிடம் கொடுத்துவிடுவேன் என்பதையும் பூவாயியிடம் சொல்லுங்கள். இங்கே நானே சமைத்துக்கொள்கிறேன். நேற்று வைத்த ரசத்திலிருந்து, கடையில் வேலை செய்கிறவர்கள் வயிற்று வலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். காலையில் கடை திறக்கும்போது உள்ளே பாத்திரச் சத்தம் கேட்காமல் வியாபாரம் ஓடவில்லை. இதை அவளிடம் தாங்களாகச் சொன்ன மாதிரி சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்குச் சேர்வராயன் அருளால் படிப்பும் பசியும் நன்றாக வரட்டும். தங்கள் மண்டியில் வெல்லம் இளகாமல் இருக்கட்டும். தங்கள் வாய்ச் சொல்லை நம்பி இருக்கும்,
தேவசிகாமணி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது சேலம் பஸ் வந்து நின்றது. பூவாயி இறங்கினாள். கூடை காலி. நேற்று அவள் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தபோது, கழுத்தில் இறகில்லாத கோழி ஒரு தனி ஜாதி, குழம்புக்கு அதைப்போல வராது என்று தாங்களாக முடிவு செய்து, தங்கை வந்திருக்கிறாளே என்ற பாசத்தில் அடித்துவிட்டீர்களாம். அவளும் இரண்டு துண்டு சாப்பிட்டு, ருசியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மிச்சச் சோற்றைச் சேவலுக்குப் போட எடுத்துக்கொண்டு போனாளாம். மச்சான், மேலே எழுதியதெல்லாம் ரத்து. “நீங்க றெக்கயத்தானுங்க புடுங்குனீங்க, எங்கண்ணன் முழுசாவே முடிச்சுப்போட்டாரு” என்று சொல்லி எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். ராஜினாமாவைக் கிழித்து அந்த அடுப்பில்தான் போட்டேன். இனித் தாங்கள் எனக்காகப் பேச வேண்டாம், நான்தான் தங்களுக்காகப் பேச வேண்டும். பூசாரி சொன்னது எதுவாக இருந்தாலும், தின்றவர் கையாலேயே வேறு சேவல் வரவேண்டும் என்பது பூவாயியின் தீர்ப்பு. அதனால் சனிக்கிழமை சாயங்காலம் நேராகக் குட்டைக்கே வந்துவிடுங்கள், நான் அவளை அழைத்து வருகிறேன். மீன் கலைந்துவிடும் என்பதால் தண்ணீர் ஓரத்தில் யாரும் குரல் உயர்த்தக் கூடாது என்று கிளப்பில் கண்டிப்பான விதி இருக்கிறது. மன்னிப்புக் கேட்க இந்த மலையில் அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. சேவல் இரண்டாகக் கொண்டு வாருங்கள், இரண்டுக்கும் கழுத்து செம்பு நிறமாக இருக்கட்டும். ஒன்று முனியப்பனுக்கு. மற்றது எதற்கு என்று பூவாயி கேட்டால் குழம்புக்கு என்று சொல்லிவிடுங்கள். தாங்கள் சொன்னால் நம்புவாள்.