பெண் பார்க்கப் போன சுண்டுவிரல்

"ஐயோ அம்மா" என்று ஜெரால்டு போட்ட சத்தத்தில், அடுத்த குவார்ட்டர்ஸ் நாய்கூட ஒரு தரம் குரைத்துவிட்டு ஓய்ந்தது.

கட்டில் கால் இருந்த இடத்தில்தான் இருந்தது. இவன்தான் இஸ்திரி போட்ட சட்டையைத் தேடிக்கொண்டு வெறுங்காலோடு பறந்து வந்தான். வலது கால் சுண்டுவிரல் மோதிய மோதலில், பக்கத்து விரல்களோடு கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனதுபோல் வெளியே விலகி நின்றது.

வேறு நாளாக இருந்தால் லீவு சொல்லிவிட்டுப் படுத்திருப்பான். இன்று மாலை பெண் பார்க்கப் போகவேண்டும். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தவரை, போன வீட்டிலெல்லாம் காபி கொடுத்தார்களே தவிர, பதில் கொடுக்கவில்லை. இப்போதுதான் பர்மனென்ட் ஆகியிருக்கிறான். இதுவும் கைநழுவிப் போனால் தலையில் நரைதான் மிச்சம்.

"நொண்டிக்கினு போனா என்னடா நெனைப்பாங்க? பொறவியிலேயே கால் ஊனம், மறைச்சிக் கட்டிவைக்கப் பாக்கறாங்கன்னு ஊர் பூரா சொல்லிடுவாங்க" என்றாள் அம்மா செசிலியா.

"நாளைக்குப் போலாம்மா."

"தள்ளிப்போட்டா மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லன்னுடுவாங்க. காலைக் குடு."

தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து விரலை நீவினாள். நீவ நீவ அது உப்பி, கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் குள்ளஞ்சாவடியிலிருந்து தாய்மாமன் இன்னாசிமுத்து வந்து சேர்ந்தார். அவருக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. தெரிந்த வைத்தியமும் கிடையாது.

"வெரல ஆட்ட முடியுதா மாப்ள?"

"கொஞ்சம் முடியுது மாமா."

"அப்ப எலும்பு ஒடையல. ஒடைஞ்சிருந்தா ஆட்டவே முடியாது. இது வெறும் சுளுக்கு."

சொன்ன கையோடு விரலைப் பிடித்து ஒரே இழு. ஜெரால்டுக்குக் காலமான அப்பா கண்முன்னே வந்துவிட்டுப் போனார்.

"இப்ப எப்படிக் கீது?"

"முன்னாடி எவ்ளோ நல்லா இருந்துச்சின்னு இப்பதான் மாமா தெரியுது."

மாமா அசரவில்லை. "ஷூவப் போட்டு இறுக்கிக் கட்டு. நடக்க நடக்கச் சரியாயிடும்."

ஆட்டோ வேண்டாம் என்று அம்மாவையும் மகனையும் பஸ்ஸில் கூட்டிப்போய், நிறுத்தத்திலிருந்து நடக்கவும் வைத்தார். ஜெரால்டு ஒவ்வோர் அடிக்கும் ஒரு புனிதரைக் கூப்பிட்டான். தெரிந்த புனிதர்களெல்லாம் தீர்ந்துபோகிற சமயத்தில் ஒரு வாசலைக் காட்டி மாமா நின்றார். கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே செருப்புகள் குவிந்து கிடந்தன.

"பாத்தியா? சொந்தக்காரங்கள எல்லாம் வரவெச்சிருக்காங்க."

செருப்பைப் பார்த்ததும்தான் மூவருக்கும் உறைத்தது. ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும்.

வீங்கிய கால் ஷூவுக்குள் சிக்கிக்கொண்டது. மாமா குனிந்து இழுத்தார். ஷூவோடு சாக்ஸும் சேர்ந்து வந்தது. நிமிர்ந்தால், நிலைப்படியில் ஒரு பெண் நின்றுகொண்டு நேராக அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போச்சு, மானம் கப்பலேறிவிட்டது என்று ஜெரால்டு கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்படியே உள்ள வந்து உக்காருங்க சார். அந்தக் கால ஊனாதீங்க" என்றாள் அவள்.

கூடம் நிறைய ஆட்கள். கையில் கட்டுப்போட்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து தன் நாற்காலியை இவனுக்குக் கொடுத்தார். மாப்பிள்ளை மரியாதை என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று செசிலியா பூரித்துப்போனாள்.

"யாரு இத இழுத்தது?" என்றாள் அந்தப் பெண், விரலைத் தொட்டுப் பார்த்தபடி.

மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

"இழுக்கவும் கூடாது, தேய்க்கவும் கூடாதுங்க. ஆட்ட முடிஞ்சாலும் ஒடைஞ்சிருக்கலாம். பாருங்க, வீங்கி, நீலம் பாரிச்சி, வெளிய சாஞ்சிருக்கு."

ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி ஒற்றினாள். விரலிடுக்கில் பஞ்சு வைத்து, சுண்டுவிரலை நேராக்க முயலாமல், இருந்த வாக்கிலேயே பக்கத்து விரலோடு சேர்த்துப் பிளாஸ்திரி ஒட்டினாள். டீப்பாய்மேல் தலையணை போட்டுக் காலை அதன்மேல் தூக்கி வைத்தாள். பாதம் எதிரே உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா ஆல்பினின் மூக்குக்கு நேராக நின்றது. வருங்கால மாமனாருக்கு முதல் சந்திப்பிலேயே உள்ளங்காலைக் காட்டியவன் நெய்வேலியில் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

ஆல்பின் பாதத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தார். "தம்பி பர்மனென்டா, கான்ட்ராக்டா?"

"பர்மனென்ட்டுங்க."

"நல்லது."

"ரொம்ப வலிக்குதா சார்?" என்றாள் அவள்.

ஜெரால்டு இதுவரை பார்த்த பெண் வீட்டிலெல்லாம் சம்பளத்தைக் கேட்டார்கள். வலிக்கிறதா என்று கேட்டவள் இவள்தான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த நிமிஷமே தீர்மானித்தான்.

"கோணலா இருக்கறதால இங்கேருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி எக்ஸ்ரே எடுத்துடுங்க. டாக்டர் பாத்துதான் நிமித்தணும். கொஞ்ச நாளைக்கு இந்தக் கால ஊனி நிக்காதீங்க."

"நீங்க சொன்னா நிக்கவே மாட்டேங்க."

செசிலியா மகன் காதருகே குனிந்தாள். "போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சிடா. நேர்ல எவ்ளோ லட்சணமா இருக்கா பாரு."

ஜெரால்டு போட்டோவைப் பார்க்கவில்லை. போட்டோ பார்த்து ஆசைப்பட்ட இடமெல்லாம் தட்டிப்போனதால், இந்த முறை பார்ப்பதில்லை என்று விரதம்.

மாமா கொண்டுவந்த பழத்தட்டை ஆல்பின் கையில் கொடுத்தார். ஆல்பின் யோசிக்காமல் வாங்கி, மூலையில் ஏற்கெனவே இருந்த வாழைச்சீப்புக்கும் முருங்கைக்காய்க் கட்டுக்கும் பக்கத்தில் வைத்தார். செசிலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து அந்தப் பெண்ணின் தலையில் வைத்தாள்.

"ஒரு கட்டுப் போட்டதுக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று சிரித்துக்கொண்டே அவள் தலையைக் குனிந்து கொடுத்தாள். என்ன அடக்கம்.

ஜெரால்டுக்குத் தைரியம் வந்துவிட்டது. கூடத்துக்கே கேட்கிறாற்போல், "எனக்குப் பூரண சம்மதங்க" என்றான்.

யாரும் ஒன்றும் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் வாசலில் தலையை நீட்டினாள்.

"சோபியா சிஸ்டர், உங்க பேஷன்ட்டுங்க உக்காந்தது போக ரெண்டு நாற்காலி இருந்தா குடுங்களேன். எங்க எவாஞ்சலினப் பாக்க யாரோ ஜெரால்டாம், வரேன் வரேன்னாங்க. பக்கத்து வூட்ல நாங்க காத்துக்கினே கெடக்கோம், ஆளையே காணோம்."