‘மறு’ என்று பெயர் சூட்டிய விவரம்

மருத்துவமனைக்கு விண்ணப்பம் அனுப்பும் எங்கள் மென்பொருளில் ஒரு சின்னக் கோளாறு இருந்தது. நடுவில் லைன் அறுந்தால் விண்ணப்பம் காற்றோடு போய்விடும். என் அக்காவின் கண் ஆபரேஷன் விண்ணப்பம் அப்படித்தான் இரண்டு முறை போனது. ‘போகவில்லையென்றால் திரும்ப அனுப்பு’ என்று மூன்று வரி எழுதிச் சேர்த்தால் தீர்ந்தது. எழுதி, பிரிவுத் தலைவரிடம் கொண்டுபோனேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "திரும்ப அனுப்பறது சரி. யார் அனுப்பறது?"

"புரோகிராம்தான் சார்."

"புரோகிராம்னா மொட்டையா இருக்கே. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள் வேணும், ஆளுக்கொரு பேர் வேணும். இதான்யா இப்ப முறை. பேரில்லாத வேலைக்கு நாளைக்கு யாரைப் பிடிச்சுக் கேக்கறது?"

பெயர் சூட்டும் குழு அமைக்கப்பட்டது. முதலில் ‘முயற்சியாளர்’ பிறந்தார். அவர் ஓயாமல் முயன்றால்? அதட்டி உட்கார வைக்க ‘இடைவெளி அலுவலர்’. மூன்று தடவையோடு போதும் என்று சொல்ல ‘எண்ணிக்கைக் காப்பாளர்’. அதற்குப் பிறகு வருந்த ஒருவர் வேண்டாமா? ‘தோல்வி ஏற்பாளர்’. ஆறு வாரத்தில் என் மூன்று வரி நாற்பத்தொரு கோப்புகளாயிற்று. அனுப்புகிற வரி மட்டும் ஒன்றிலும் இல்லை.

அந்தக் கட்டளைக்குப் பெயர் அமையாததே காரணம். ‘மறுபடியும் முயற்சி செய்’ நீளம் என்றார்கள். வெட்டி வெட்டி ‘மறு’ என்றானது. "கம்பீரமா இருக்கு" என்று தலைவர் கையெழுத்திட்டார். அதற்குள் வரிகளை எழுதும் பொறுப்பு மாடியிலிருந்த வேறொரு பிரிவுக்குப் போனது. மாடிப் பிரிவு ‘மறு’ என்று படித்தது, விண்ணப்பத்தை மறுக்கும்படி எழுதிவிட்டது.

அக்கா போன் செய்தாள். "முன்னாடி பதிலே வராதுடா. இப்ப ஒரு விண்ணப்பத்துக்கு மூணு தடவை ‘இல்லை’ வருது. நடுவுல மூச்சு விட இடைவெளி வேற குடுக்கறாங்க."

தலைவரிடம் ஓடினேன்.

"பேரு குழு வெச்சது, தப்பா இருக்க முடியாது" என்றார். "வேலையும் பேருக்கேத்த மாதிரி நடக்குது. வேற என்ன?"

"எங்கக்கா சார். வலது கண்ணு போயிட்டிருக்கு."

"அவங்க இப்ப என்ன பண்றாங்க?"

"இடது கண்ணை வெச்சுக்கிட்டு திரும்பத் திரும்ப அனுப்பிக்கிட்டே இருக்காங்க."

தலைவர் முகம் மலர்ந்தது. "அட, இந்த ஆளைத்தானய்யா இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தோம்."

அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது: ‘மேற்படி மென்பொருளில் விண்ணப்பதாரர் என்பவர் இன்றுமுதல் முயற்சியாளரின் வாரிசாகிறார். படிவம் நிரப்பும் எவரும் பிறப்பிலேயே முயற்சியாளராகக் கருதப்படுவர். சலிப்படையும் வசதி இப்பதிப்பில் இல்லை.’

அக்காவுக்கு அதை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. முழுக்கக் கேட்டாள்.

"சரி விடு. அந்த ‘அனுப்பு’ பட்டன் எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் சொல்லு."