நகல் எடுக்காத நிபுணர்

கைப்பேசி வைத்திருப்பவர்களை மூன்று இனமாகப் பிரிக்கலாம். அதிலுள்ள படங்களுக்கும் பேச்சுகளுக்கும் நகல் எடுத்து வைத்துவிட்டவர்கள் ஓர் இனம். நகல் என்று ஒன்று உண்டென்றே தெரியாதவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டு இனத்தாராலும் ஊருக்கு ஒரு தொல்லையும் கிடையாது. மூன்றாவது இனம்தான் நம் கவனத்துக்குரியது. நகல் எடுக்க வேண்டும் என்று தெரியும், எப்படி எடுப்பது என்றும் தெரியும், எத்தனை விதமாக எடுக்கலாம் என்றும் தெரியும். எது சிறந்தது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துக் கூலாயில் இருக்கிறார் செபஸ்தியன். செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு மேற்பார்வையாளர். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வளாகத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பார்கள் அல்லவா? இவர் விசாரிப்பது வேறு. "உங்க போன்ல எத்தனை ஜிபி? பேக்கப் எங்க வச்சிருக்கீங்க?" நீங்கள் 'கிளவுட்' என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்கும். "இணையத்துல எவனோட கிடங்குலயோ போய்க் கிடக்குது உங்க குடும்பப் படம். பாஸ்வர்ட மறந்தீங்கன்னா முடிஞ்சுது லா." சரி, கணினியில் என்று சொல்லிப் பாருங்கள். அதே முகம் அதே அளவுக்குச் சுருங்கும். "வயர மாட்டணும், ஞாபகமா மாட்டணும். அந்தக் கம்ப்யூட்டர் படுத்துருச்சுன்னா?" அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்டால், சட்டைப் பையைத் தட்டிக்காட்டிச் சொல்வார்: "அவசரப்படாதீங்க. நான் கம்பேர் பண்ணிக்கிட்டு இருக்கேன்."

நான்கு வருஷமாகக் கம்பேர் பண்ணிக்கொண்டிருந்தார். கைப்பேசியிலேயே ஒரு பெரிய அட்டவணை. இடப்பக்கம் கிளவுட், வலப்பக்கம் கணினி. வேகம், பாதுகாப்பு, மாதக் கட்டணம், வைஃபை இல்லாத இடத்தில் என்ன ஆகும், கைப்பேசிக்கு ஒரு வழி டேப்லெட்டுக்கு வேறு வழியா, அந்த நிறுவனமே நாளை மூடிப்போனால் யாரைப் போய்க் கேட்பது என்று அறுபது வரிகளுக்குக் குறையாமல் வளர்ந்திருந்தது. தினமும் காலையில் அவருடைய கைப்பேசியே, 'நகல் எடுத்து நாளாகிவிட்டது, இப்போது எடுக்கவா?' என்று பணிவாகக் கேட்கும். 'பிறகு' என்ற பொத்தானை அழுத்திவிட்டு அவர் அட்டவணையைத் திறப்பார்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் ஃபெலிசியா வாரக் கடைசியில் வரும்போதெல்லாம் கை நீட்டுவாள். "அப்பா, போன குடுங்க. ரெண்டு நிமிஷம்."

"உனக்கு என்ன தெரியும்? நான் இன்னும் முடிவு பண்ணல."

மனைவி அமலோற்பவம் அந்த நேரம் பார்த்துச் சாப்பாடு பரிமாறுவார். சோற்றைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார்.

இதுவரை சிரிக்கலாம். இனி கொஞ்சம் பொறுத்துச் சிரியுங்கள்.

செபஸ்தியனுக்கு ஒரு தங்கை, ரீத்தா. கோத்தா திங்கியில் ஆற்றுக்குப் பக்கத்தில் வீடு. அவர் கணவர் கென்னத் செம்பனை எண்ணெய் ஆலைக்கு லாரி ஓட்டியவர். சிறுநீரகம் பழுதாகி, இனி அதிக நாள் இல்லை என்று தெரிந்தபோது அந்த மனிதர் அழுதுகொண்டு உட்காரவில்லை. டேப்லெட்டை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார். "ரீத்தா, இங்க பாரு. தண்ணி பம்பு ஓடலன்னா முதல்ல இந்தச் சிவப்பு சுவிட்ச். பயப்படாத, கரண்ட் அடிக்காது." காரைப் பின்னால் எடுப்பது எப்படி, கூரையில் எந்தத் தகரம் ஒழுகும், யாரிடம் மட்டும் சாவியைக் கொடுக்கக் கூடாது. மொத்தம் நாற்பத்தோரு வீடியோ. எல்லாமே 'ரீத்தா, இங்க பாரு' என்றுதான் தொடங்கும். தனக்குத் தானே நகல் எடுத்து வைத்துவிட்டுப் போன மனிதர். எந்த அட்டவணையும் போடவில்லை.

அவர் இறந்து இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டில், ரீத்தா அண்ணனைக் கேட்டார். "அண்ணே, இந்த டேப்ல இருக்கிறத எங்கயாச்சும் பத்திரமா எடுத்து வச்சுத் தாங்கண்ணே. பழைய டேப், பயமா இருக்கு."

நம்மவருக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. நான்கு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் தானாக வந்து கேட்கிறார்! "நீ எதையும் தொடாத. டேப்லெட் கேஸ் வேற மாதிரி. அதுக்குத் தனியா ஆராயணும்." அட்டவணையில் புதிதாகப் பன்னிரண்டு வரிகள் சேர்ந்தன. செப்டம்பரில் ரீத்தா ஒரு தடவை ஞாபகப்படுத்தினார். தீபாவளி விடுமுறையில் இன்னொரு தடவை. "வருஷக் கடைசியில புதுத் திட்டம் வருதாம். பார்த்துட்டுச் செய்வோம்." அதற்குப் பிறகு ரீத்தா கேட்கவில்லை. அண்ணன் சொன்னதைப் புரிந்துகொண்டாள் என்று செபஸ்தியன் நினைத்துக்கொண்டார்.

ஜனவரியில் விடாமல் நான்கு நாள் மழை. ஒரு மத்தியானம் ரீத்தாவிடமிருந்து அழைப்பு. "அண்ணே, தண்ணி வாசல் தாண்டிருச்சு. எங்கள ஸ்கூல்ல தங்க வைக்கிறாங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"டேப்ப எடுத்துக்கிட்டியா?"

"ஐஸ்பெட்டி மேல வச்சுட்டேன். அவ்வளவு உயரத்துக்குத் தண்ணி வராது."

குளிர்பெட்டியின் உயரத்துக்குத் தண்ணீர் வர வேண்டியதில்லை என்பது பராமரிப்பு மேற்பார்வையாளருக்குத் தெரியும். இடுப்பளவு வந்தால் போதும், குளிர்பெட்டி மிதக்கும், மிதந்தால் சாயும். அவர் தங்கையிடம் அதைச் சொல்லவில்லை. சாலை மூடிக்கிடந்த அடுத்த இரண்டு நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அட்டவணையையும் திறக்கவில்லை. அமலோற்பவம் முதல்முறையாகச் சோற்றை மெதுவாக வைத்தார்.

சாலை திறந்ததும் கணவனும் மனைவியும் கோத்தா திங்கிக்குப் போனார்கள். வீட்டுக்குள் இன்னும் முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர். குளிர்பெட்டி, அவர் நினைத்தபடியே, குப்புற விழுந்து கிடந்தது. குனிந்து அதன் அடியில் கைவிட்டுத் துழாவினார். டேப்லெட் கிடைத்தது. திரையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. அதைத் தூக்கிப் பார்த்த அதே கணத்தில், குனிந்திருந்த அவரது சட்டைப் பையிலிருந்து ஏதோ ஒன்று 'ப்ளக்' என்று விழுந்தது.

ஆமாம். அதேதான்.

அதைத் தேடி எடுக்க ஐந்து நிமிஷமானது. எடுத்துப் பார்த்தால் அதுவும் கறுப்பு. அவர் அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதைப் பற்றி நினைக்க அப்போது அவருக்கு நேரமில்லை. டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், பாய்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த தங்கையின் முன்னால் நின்றார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், வாய் திறந்தால் அறுபது வரி பேசுகிறவர், இரண்டே வரி சொல்லி அழுதார்.

"என் தப்பும்மா. நான்தான் நாள் கடத்திட்டேன்."

ரீத்தா பதறிப்போய் எழுந்தார். "ஐயோ, அழாதீங்கண்ணே. அதெல்லாம் இருக்கு."

"எது இருக்கு?"

"கோச்சுக்காதீங்க. போன நவம்பர்ல ஒரு நாள் பம்பு நின்னுருச்சு. அவரு என்ன சொன்னாருன்னு பார்க்கலாம்னு டேப்பத் திறந்தா, பத்து நிமிஷம் ஒண்ணுமே வரல, கறுப்பாவே கிடந்துச்சு. அண்ணே, அந்தப் பத்து நிமிஷம் நான் பட்ட பாடு! மறுநாளே டவுன்ல போன் கடை வச்சிருக்கிற அந்தப் பொண்ணு கஸ்தூரிகிட்ட குடுத்துட்டேன். கம்ப்யூட்டர்ல போட்டு ஒரு சின்ன டிஸ்க்குல எடுத்துக் குடுத்துச்சு. கிளவுடுலயும் ஏத்திருச்சு. ஒரு மணி நேரம்கூட ஆகல." கைப்பையைத் திறந்து, சிறிய கறுப்புப் பெட்டி ஒன்றைக் காட்டினார்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க இவ்வளவு ஆசையா ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்தீங்க. எப்படிண்ணே சொல்றது?"

அந்த இடத்தில் அவருக்கு ஏற்பட்டது நிம்மதியா வெட்கமா என்று அவரே இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அழுகை நின்றது. பக்கத்தில் நின்ற அமலோற்பவம்தான் கேட்டார். "ஏங்க, உங்க போன் எங்க?"

கூலாயில் ஒரு கடை, ஜோகூர் பாருவில் ஒரு கடை. இரண்டிலும் திறந்து பார்த்து, சேற்றைத் துடைத்து, முடியாது என்று தலையை ஆட்டினார்கள். ஃபெலிசியாவின் முதல் நற்கருணை, பட்டமளிப்பு, செபஸ்தியனின் அம்மா கடைசிக் கிறிஸ்துமஸில் அடுப்பங்கரையில் ஆடிய ஆட்டம், எல்லாம் போயின. மகளும் தங்கையும் எப்போதோ வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்திருந்த படங்கள் நூற்றுச் சொச்சம் திரும்பி வந்தன, மங்கலாக. அம்மாவின் ஆட்டம் வரவில்லை. எழுபத்திரண்டு வரி அட்டவணையும் வரவில்லை. அதற்கும் வேறெங்கும் நகல் இல்லை.

வீடு திரும்பும் வழியில் காரில் அமலோற்பவம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "நாலு வருஷம் பார்த்தீங்களே. கடைசியில எதுங்க நல்லது?" கேலியாகக் கேட்கவில்லை. மாமியாரின் அந்த ஆட்டத்தைக் கணவரின் கைப்பேசியில் படம் பிடித்தவரே அவர்தான். செபஸ்தியன் சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "எடுத்து வச்சது."

அடுத்த வாரம் புதுக் கைப்பேசியோடு கோத்தா திங்கிக்குப் போய், கஸ்தூரி கடையில் வரிசையில் உட்கார்ந்தார். கஸ்தூரி வயரை மாட்டினாள், ஏதோ இரண்டு இடத்தில் தட்டினாள். "ரெண்டுலயும் போயிரும் அங்கிள். வயர மாசம் ஒரு தடவை மாட்டுங்க. இன்னொன்னு அதுவா எடுத்துக்கும்." செபஸ்தியன் வாயைத் திறந்தார். கேட்பதற்குக் கேள்விகள் இருந்தன, நிறைய இருந்தன. மூடிக்கொண்டார். அந்தக் கைப்பேசியில் அப்போது பத்திரப்படுத்த அதிகம் ஒன்றுமில்லை.

வாசகரே, இவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருப்பீர்கள். நல்லது. ஆனால் ஒன்று சொல்லுங்கள். கஸ்தூரி ஏற்றியது எந்த நிறுவனத்தின் கிளவுட், அந்த டிஸ்க் எத்தனை ஜிபி, இலவசத் திட்டமா கட்டணத் திட்டமா என்று சற்றுமுன் மேலே ஒரு முறை ஓடித் தேடினீர்களா? தேடினீர்கள் என்றால், நீங்கள் யாரென்று உங்களுக்கே தெரியும். நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீங்கள் அதை ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்திருப்பீர்கள்.