கௌஸ் கடைக் குழம்பும் என் காவடி விரதமும்

முதலில் தப்பு செய்தவன் தம்புசாமி. அதை எழுதி வைத்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில், எங்கள் வீட்டு வரிசைக்கு ஒரே குழாய். நாலு வருஷத்துக்கு முன்னால், பக்கத்து வீட்டுத் தம்புசாமி அந்தக் குழாயடியில் பல் விளக்கித் துப்பினான். கேட்டேன். அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு, பத்துப் பேர் நடுவில் சொன்னான்:

"ரெங்கசாமி அண்ணே, உங்க வேட்டி வெள்ளைதான். உள்ளயும் ஒரு வாளி ஊத்திக்குங்க."

குழாயடியே சிரித்தது. அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. பக்கத்து வீட்டுக்காரனோடு நாலு வருஷம் பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

போன வருஷம் என் மனைவி வள்ளியம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. இருபது நாள் ஆஸ்பத்திரி. "முருகா, இவளை எழுப்பிக் கொடு. பத்துமலைக்குக் காவடி எடுக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். எழுந்துவிட்டாள். நன்றாகவே எழுந்துவிட்டாள்.

தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் முன்னால் கையில் காப்புக் கட்டிக்கொண்டேன். அன்றே ஒரு தீர்மானம். இந்த லயத்தில் என்னைப் போலச் சுத்தமாக விரதம் இருந்தவன் கிடையாது என்று தம்புசாமி கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒரு நாளைக்கு மூன்று குளியல். வீடெல்லாம் மஞ்சள் தண்ணீர். புதுச் சட்டி, புதுப் பாய். குளித்தது நான். தண்ணீர் சுமந்தது வள்ளியம்மா. இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அப்போது கூசவில்லை.

ஒன்பதாம் நாள் சொன்னேன்.

"இந்தச் சட்டிய இன்னொரு தடவை கழுவு."

"இப்பதானே கழுவினேன்."

"கழுவின கையால தலையைத் தொட்டே."

"என் தலைதானே?"

"விரதம் என்னோடதாச்சே."

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். மெதுவாக வைத்தாள். ஓங்கி வைத்திருந்தால் எனக்குப் பயமில்லை.

"நீங்க சொல்றது சரிதாங்க. உங்க சுத்தத்துக்கு என் கை பத்தாது. இனிமே நீங்களே தண்ணி எடுத்து, நீங்களே பொங்கிச் சாப்பிடுங்க. நான் தனியாப் பொங்கிக்கறேன். சாமி காரியத்துல குறை வரக்கூடாது பாருங்க."

இதில் எங்கே தப்புக் கண்டுபிடிப்பது?

மூன்று நாள் சமைத்தேன். முதல் நாள் கஞ்சி. இரண்டாம் நாள் கரி. மூன்றாம் நாள் வந்தது என்னவென்று முருகனுக்கும் தெரியாது. அவள் அடுப்பிலிருந்து தாளித்த வாசனை மட்டும் தவறாமல் வந்தது.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம். நான் வேலை பார்க்கும் ரயில்வே ஷெட்டில் சங்கு ஊதியதும் கால் தானாகக் கௌஸ் பாய் சோற்றுக்கடைக்குப் போய்விட்டது.

"என்ன அண்ணே, விரதமில்ல?"

"வெறும் சோறு போதும் பாய்."

"தொட்டுக்க?"

"குழம்பு இருக்கா?"

"மீன் குழம்புதான்."

நாலு பக்கமும் பார்த்தேன். தம்புசாமி இல்லை.

"மீனை எடுத்துடுங்க. குழம்பை மட்டும் ஊத்துங்க."

பாய் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தன் கையாலேயே கொண்டுவந்து இலையில் ஊற்றினார். மூன்று தடவை சோறு வாங்கினேன். அந்த மீன் வாசனை காப்புக் கட்டின கையில் மூன்று குளியலுக்கும் போகவில்லை. மறுநாளும் போனேன். நாலு வாரம் போனேன்.

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பூசாரி கன்னையா ஷெட்டுக்கு வந்தார். "விரதத்துல குறை இருந்தா, நாக்குல அலகு குத்தறப்போ ரத்தம் வரும். சாமியே காட்டிக் குடுத்துடும்" என்றார்.

எனக்கு அலகு குத்தும்போது லயமே சுற்றி நிற்கும். முன்வரிசையில் தம்புசாமி நிற்பான். வீட்டுக்கு ஓடி வந்தேன்.

"வள்ளி, ஒருத்தன் விரதத்துல சின்னக் குறை வந்துட்டா என்ன பண்றது?"

"எந்த ஒருத்தன்?"

"ஷெட்டுல ஒருத்தன்."

"குறை எங்க?"

"வயித்துல."

"வயித்தைக் கழுவ முடியாதுங்க. மனசைக் கழுவலாம். அவருக்கு யார் மேலயாவது பகை இருக்கா?"

"பெரிசா இல்ல."

"பக்கத்து வீட்டுலகூட இல்லையா?"

நான் கையிலிருந்த காப்பைத் திருகினேன்.

"மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க. குழாயடியில, எல்லார் முன்னாலயும்."

மறுநாள் காலை கேட்டேன். தம்புசாமி கரியால் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, என்னை மன்னிச்சுடு."

"எதுக்குண்ணே?"

நாலு வருஷம். அவனுக்கு ஞாபகமே இல்லை.

"சும்மா, மன்னிச்சேன்னு சொல்லு."

"சரிண்ணே, மன்னிச்சேன்" என்றான். அதே இடத்தில் துப்பினான்.

வீட்டுக்குள் வந்தால் வள்ளியம்மா எனக்கு இலை போட்டு வைத்திருந்தாள். சோறு, குழம்பு. ஒரு வாய் வைத்தேன். கை நின்றது. கௌஸ் கடைக் குழம்பு.

"இது எப்படி இங்க?"

"இங்கருந்துதான் அங்க போச்சு. நீங்க கரியைத் தின்ன அன்னிக்கே தெரியும், எங்க போவீங்கன்னு. பாய் சம்சாரம் முத்து பீவி கிட்டச் சொல்லி வெச்சேன். குளிச்சுட்டு, புதுச் சட்டியில பொங்கி, தினமும் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் குடுத்து விட்டேன்."

"அப்ப மீன்?"

"மீனைத் தின்னது உங்க மனசு மட்டுந்தாங்க."

எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் விடவில்லை.

"எந்த உடம்பு எழணும்னு வேண்டிக்கிட்டீங்களோ, அந்த உடம்புமேலயே தினம் இருபது வாளி ஏத்தினீங்க. அதுக்கும் சேத்துதான் குழாயடிக்கு அனுப்பினேன். என் குழம்புல ருசி இல்லேன்னு இத்தனை வருஷம் சொன்னதுக்கு, பாய் கடையில மூணு தடவை சோறு வாங்கினதே போதும்."

தைப்பூசத்தன்று நாக்கில் ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. எப்பேர்ப்பட்ட விரதம் என்று லயமே கும்பிட்டது. நான் குனிந்த தலை நிமிராமல் மலை ஏறினேன். பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எடுப்பவன் நான்தான். தம்புசாமி தினமும் அங்கேதான் துப்புகிறான். அவன் என்னிடம் கேட்கவேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி. குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது. வாளி நிறையும்வரை நின்று பார்க்கிறேன்.